டர்பன் புழுக்கத்தில் ஒரு ஜிஞ்சர்பிரெட் வீடு: பனி வேண்டாம், சிவப்பு ஸ்டூப் போதும்

வணக்கம், தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து பேசுகிறேன். இன்று ஜிஞ்சர்பிரெட் வீடு, அதாவது இஞ்சி பிஸ்கட்டால் கட்டுகிற குட்டி வீடு. மேசையைப் பாருங்கள். நான்கு சுவர், இரண்டு கூரைத் துண்டு, வராந்தாவுக்கு ஒரு தரை, ஒட்டவும் அலங்கரிக்கவும் ஐசிங் என்கிற சர்க்கரைப் பசை, அப்புறம் கிண்ணம் கிண்ணமாக மிட்டாய். சுடுகிற வேலை நேற்றே முடிந்தது, இன்று அலங்காரம் மட்டும்தான்.

மாவு எப்படி என்று கேட்பீர்கள். மைதா 600 கிராம், வெண்ணெய் 250 கிராம், பழுப்புச் சர்க்கரை 200 கிராம், கோல்டன் சிரப் என்கிற கெட்டிச் சர்க்கரைப் பாகு 7 மேசைக்கரண்டி, சமையல் சோடா 2 தேக்கரண்டி, சுக்குப்பொடி 4 தேக்கரண்டி. சுக்கு விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் வாங்கினேன், மணம் தூக்கலாக இருக்கிறது. 180 டிகிரியில் 12 நிமிடம், ஓரம் கொஞ்சம் கறுக்கும் வரை விடுங்கள். வீடு நிற்க வேண்டுமென்றால் பிஸ்கட் மொறுமொறுவென்று இருக்க வேண்டும்.

இந்த வீடு ஜெர்மனிக்காரர்களின் கிறிஸ்துமஸ் பழக்கம். அங்கே டிசம்பரில் பனி கொட்டும், அதனால் கூரையில் வெள்ளை ஐசிங்கை வழியவிடுகிறார்கள். நமக்கு டிசம்பர் என்றால் லிச்சிப் பழம், மாம்பழம், பிசுபிசுப்பான புழுக்கம். நம் வீட்டுக் கூரையில் பனி எதற்கு? நான் செய்யப்போவது ஆயா காலத்து டர்பன் வீடு. மரச்சுவர், தகரக் கூரை, முன்னால் பாலிஷ் போட்டுப் பளபளக்கிற சிவப்பு ஸ்டூப், அதாவது வராந்தாத் திண்ணை.

அந்த ஸ்டூப்பைத்தான் முதலில் காட்ட வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. நேற்று சுடும்போதே செய்துவிட்டேன்: சிவப்புக் கண்ணாடி மிட்டாயைத் துணியில் சுற்றிப் பூரிக்கட்டையால் நொறுக்கி, பாதி வெந்த தரைத் துண்டின் மேல் பரப்பி, மறுபடி ஓவனில் ஐந்து நிமிடம். மிட்டாய் உருகி ஒரே தகடாகிவிடும். இதோ, விளக்கு வெளிச்சம் எப்படித் தெறிக்கிறது பாருங்கள்! ஜன்னலுக்கும் இதே வழிதான். ஓட்டையில் மஞ்சள் மிட்டாய்த் தூளை நிரப்பி உருக்கினால் கண்ணாடி ரெடி. அடியில் பேக்கிங் பேப்பர் கட்டாயம், ஆறும் வரை கை வைக்கக்கூடாது. குழந்தைகளை இந்த இடத்தில் மட்டும் தள்ளி நிறுத்துங்கள், உருகிய சர்க்கரை பட்டால் தோல் வெந்துவிடும்.

அடுத்து ஐசிங். ஒரு முட்டை வெள்ளைக்கரு, 250 கிராம் ஐசிங் சுகர். முட்டை சேர்க்காத வீடுகளில் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை நன்றாகச் சுண்டவைத்து, ஆறியதும் அடித்துப் பாருங்கள், அதுவும் நுரைத்து வரும். கரண்டியைத் தூக்கினால் நுனி நிமிர்ந்து நிற்கிற பதம் வேண்டும். சர்க்கரை காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும், கடலோர ஊரில் ஐசிங் காயாமல் அடம்பிடிக்கக் காரணம் அதுதான். ஏசி ஓடுகிற அறையில் வையுங்கள், இல்லாவிட்டால் மின்விசிறிக்கு எதிரே.

சுவரை நிறுத்துவதற்கு முன்பே, படுக்கப் போட்டபடியே மிட்டாயை ஒட்டிவிடுங்கள். நிறுத்திய பிறகு ஒட்டினால் கனமான மிட்டாய் கீழே வழுக்கும். கூரையில் சிவப்பு ஐசிங்கை நெருக்கமாகக் கோடு கோடாகப் பிழிகிறேன், தகரத்தின் நெளிவு வந்துவிட்டது. கோடிட்ட பெப்பர்மிண்ட் குச்சி இரண்டும் வராந்தாத் தூண். வாசலுக்கு மாவிலைத் தோரணம் இல்லாமல் முடியுமா? பச்சைப் புளிப்பு மிட்டாய்ப் பட்டையை இலை வடிவில் வெட்டி ஒரே வரிசையாக ஒட்டுகிறேன். முன்னால் செவ்வந்திப் பாத்திக்கு ஆரஞ்சும் மஞ்சளுமாகச் சாக்லேட் பட்டன். மேலே சர்க்கரை ஓடு போட்டதாக வாங்குங்கள், வெறும் சாக்லேட் இந்த வெயிலில் குழைந்துவிடும். ஸ்டூப்புக்குக் கீழே மெல்லிய முனையால் புள்ளி வைத்து ஒரு சிறிய கோலம். வெள்ளை ஐசிங்குக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது என்பேன்.

ஒன்று சொல்ல வேண்டும். ஜெல்லி மிட்டாயிலும் மார்ஷ்மெல்லோவிலும் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும், அது மாட்டிலிருந்தும் எடுக்கப்படுகிறது. ஹலால் முத்திரை இருந்தாலும் மாட்டு ஜெலட்டின் இருக்கலாம். நம் வீடுகளில் மாட்டிறைச்சி தொடாதவர்கள் நிறைய. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள், வீட்டில் எல்லாரும் மனம் உறுத்தாமல் சாப்பிடலாம்.

சர்க்கரையைத் தொடும்போதெல்லாம் நான் கரும்புத் தோட்டத்தை நினைப்பேன். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து வந்த நம் ஆட்களை இங்கே இறக்கியது. 1911 வரை ஒன்றரை லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் இந்த நேட்டால் பகுதிக்கு வந்தார்கள், அதில் மிகப் பலருக்குக் கரும்புக்காட்டு வேலை. அவர்கள் குடும்பங்கள் பிறகு கட்டிக்கொண்ட மரமும் தகரமுமான வீடுகளில் எத்தனையோ இன்று இல்லை. பிள்ளைகளுக்கு அந்த வீட்டைக் காட்ட வேண்டும் என்றுதான் இந்த வேலையில் உட்கார்ந்தேன். சர்க்கரையிலேயே காட்டுவது எனக்குச் சரியாகப் படுகிறது.

சரி, சுவர்களை நிமிர்த்தி நிறுத்தலாம். மூலைகளில் ஐசிங் கனமாகப் பிழிந்து, உள்ளே இரண்டு பீன்ஸ் டின்னை முட்டுக் கொடுங்கள். சுவர் இரவு முழுக்கக் காயட்டும். கூரையை நாளைக் காலைதான் வைப்பேன், அது வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் வரை கீழே டப்பா வைத்துத் தாங்க வேண்டும். எறும்புக்கு, தட்டைத் தண்ணீர் ஊற்றிய பெரிய தாம்பாளத்தில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் மேல் வைத்துவிடுங்கள். பெப்பர்மிண்ட் குச்சியின் சிவப்பு ஈரத்தில் கசியும், அதனால் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் ஒட்டினால் போதும்.