பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்: லால்குடி ஜெயராமனின் மெட்டுகள் பிறந்த இடம்

(பினாங்கு ஜார்ஜ்டவுனில் இசை மாணவர்களும் பெற்றோரும் கூடிய மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும், பெற்றோர்களுக்கும், பிள்ளைகளுக்கும் என் வணக்கம்.

இங்கே பினாங்கிலும் சரி, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலும் சரி, பரதநாட்டிய அரங்கேற்றம் என்று போனால் நிறைவில் தாளச் சொற்கட்டுகளால் ஆன ஒரு தில்லானா இருக்கும். அது மோகனகல்யாணி ராகத்திலோ தேஷ் ராகத்திலோ இருந்தால், பெரும்பாலும் லால்குடி ஜெயராமன் இயற்றியதாகத்தான் இருக்கும். ஆடுகிற பிள்ளைக்கு அது தெரியும், தாளம் தட்டி நட்டுவாங்கம் செய்பவருக்கும் தெரியும். கீழே உட்கார்ந்து கைதட்டுகிற நம்மில் பலருக்கு, அந்த மெட்டைப் போட்டவர் ஒரு பிடில் வித்வான் என்பதே தெரியாது. ஒரு பிடில் வித்வானுக்கு இத்தனை வர்ணங்களும் தில்லானாக்களும் எங்கிருந்து ஊறின? அதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

அவர் பிறந்தது 1930-இல், மறைந்தது 2013-இல். திருச்சிக்குப் பக்கத்தில் உள்ள லால்குடிதான் குடும்பத்தின் ஊர். தியாகராஜ சுவாமிகளின் சீடர் லால்குடி ராமையர் வழிவந்தவர். சுவாமிகள் லால்குடிக்கு வந்து, சப்தரிஷீசுவரர் மீதும் அம்பாள் ஸ்ரீமதி மீதும் ஐந்து கிருதிகள் பாடினார். தோடி, பைரவி, காம்போதி, கல்யாணி, மத்யமாவதி என்று ஐந்தும் கனத்த ராகங்கள். சொந்த ஊர்க் கோயிலே பாட்டாகியிருக்கிற வீட்டில் வளர்ந்த பையன் அவர். தந்தை கோபாலய்யரே குரு. அந்த வீட்டில் பிடில் என்றால் பாட்டு. வாய்ப்பாட்டில் வருகிற சொல் வில்லிலும் வர வேண்டும். பின்னாளில் 'லால்குடி பாணி' என்று உலகம் கொண்டாடியதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

பரம்பரை மட்டும் போதும் என்றால் பரம்பரை வித்வான்கள் எல்லோருமே பாட்டும் மெட்டும் தாமே இயற்றும் வாக்கேயக்காரர் ஆகியிருக்க வேண்டும். அவரை ஆக்கியது, பாடகர்களுக்குத் துணையாக வாசித்த பக்கவாத்தியம் என்பது என் முடிவு. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

பன்னிரண்டு வயதில் மேடையேறினார். அதன்பிறகு அவர் யார் யார் பக்கத்தில் உட்கார்ந்தார் என்று பாருங்கள். அரியக்குடி, செம்பை, செம்மங்குடி, ஜி.என்.பி. என்கிற ஜி.என். பாலசுப்பிரமணியம், மதுரை மணி ஐயர், ஆலத்தூர் சகோதரர்கள். எல்லோரும் அன்றைய பெரிய பாடகர்கள். ஒருவர் போல இன்னொருவர் இல்லை. ஜி.என்.பி.யின் பிருகா, அதாவது அடுக்கடுக்கான சுரக்கோவை, மின்னல் வேகத்தில் போகும். மணி ஐயரின் சர்வலகு சுரம் ஓடை மாதிரி நிற்காமல் ஓடும். ஆலத்தூராரின் பல்லவியில் தாளக் கணக்கு கணக்காக வந்து விழும். இவர்களுக்கு வாசிக்கிறவன் என்ன செய்கிறான்? பாடகர் ஒரு சங்கதியை, அதாவது ஒரு வரியின் மெட்டு வேறுபாட்டை, பாடி முடிப்பதற்குள் அதைக் காதில் வாங்கி, விரலில் ஏற்றி, நிழலாகத் தொடர வேண்டும். தாளமில்லாமல் ராகத்தை விரிக்கிற ஆலாபனை முடிந்ததும் அதே ராகத்தைத் தன் முறைக்கு வாசிக்க வேண்டும், ஆனால் பாடகர் பாடியதில் கால்பங்கு நேரத்தில். சுரத்துக்குப் பதில் சுரம் அந்த நொடியே வர வேண்டும். யோசிக்க இடம் கிடையாது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்கிற தேர்ச்சி அங்கேதான் வருகிறது. பாட்டு இயற்றுகிறவனுக்கு வேண்டிய முதல் தேர்ச்சியும் அதுதான் அல்லவா?

அவருடைய தில்லானாவைக் கேட்கும்போது எனக்கு இந்த மேடைகள் எல்லாம் உள்ளே கேட்கின்றன. பல்லவியின் ஓட்டத்தில் சர்வலகு இருக்கிறது. அதற்குள் சொற்கட்டு இடம்மாறி வந்து விழுகிற இடங்களில் பல்லவிக் கணக்கு இருக்கிறது. சரணத்தில் சாகித்தியம், அதாவது பாட்டின் சொல், வரும்போது வேகம் தணிந்து சொல் தெளிவாக நிற்கிறது. அது கோபாலய்யர் வீட்டுப் பழக்கம்.

தேஷ் தில்லானாவையே எடுத்துக்கொள்ளுங்கள். தேஷ் வடக்கிலிருந்து வந்த ராகம். தில்லானா என்கிற வடிவமே வடக்கத்தித் தரானா என்ற பாட்டு வடிவத்துக்கு உறவு. தேஷில் மேலே ஏறும்போது உயர்ந்த 'நி'யான காகலி நிஷாதம், இறங்கும்போது சற்றுத் தாழ்ந்த 'நி'யான கைசிகி நிஷாதம். பிடிலின் பஞ்சமத் தந்தியில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் அகலம்தான் இருக்கும். அந்த ஒரு விரல் அகலத்தில்தான் ராகத்தின் ஏக்கம் முழுவதும் இருக்கிறது. ஏறியபோது இருந்த வெளிச்சம் இறங்கும்போது மங்குகிறது. இதைப் பாடிப் புரிந்துகொள்ளலாம்; தந்தியில் விரலை நகர்த்தித் தினமும் தேடுகிறவனுக்கு அது உடம்பிலேயே பதிந்துவிடுகிறது. மோகனகல்யாணியும் அப்படித்தான். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ராகம் அது. ஏறுவது மோகனத்தின் ஐந்து சுரங்களில். இறங்குவது கல்யாணியின் ஏழு சுரங்களில். தாண்டித் தாண்டி ஏறி, நிறைந்து இறங்கும் இந்தப் போக்கு ஆடுகிறவர் காலுக்கு எவ்வளவு இசைவானது என்று அவர் கண்டுகொண்டார்.

ஆட்டம் என்றதும் ஆடுவதற்கென்று அமைந்த அவருடைய நவரச பதவர்ணத்தைச் சொல்லாமல் போக முடியாது. 'அங்கயற்கண்ணி' என்று பிலஹரியில் தொடங்கும் ராகமாலிகை. பதவர்ணம் என்றால் வழக்கமாகச் சிருங்காரம், அதாவது காதல் ரசம்தான். நாயகனை நினைத்து நாயகி உருகுவாள். ஒன்பது ரசத்தையும் ஒரே வர்ணத்தில் கொண்டுவர நினைப்பவருக்கு, ஒன்பதையும் வாழ்ந்து பார்த்த ஒரு பாத்திரம் வேண்டும். அவர் மதுரை மீனாட்சியிடம் போனார். வேள்வித்தீயில் தோன்றிய குழந்தை, தடாதகை என்ற பெயரில் படைநடத்திய அரசி, கயிலாயத்தில் சிவனைக் கண்டதும் நாணித் தலைகுனிந்த பெண். வீரம் இருக்கிறது, வியப்பு இருக்கிறது, காதல் இருக்கிறது. ரசத்துக்கு ஒரு ராகமாகப் பாட்டு மாறிக்கொண்டே போகிறது, கதை மட்டும் ஒன்றாகவே நிற்கிறது. திருவிளையாடற் புராணத்தைக் கேட்டு வளர்ந்த காதும் மேடையில் நாட்டியத்தைப் பார்த்துப் பழகிய கண்ணும் சேர்ந்தால்தான் இது முடியும். எழுபது வயதைத் தாண்டி அவர் இசையமைத்த 'சிருங்காரம்' திரைப்படத்துக்குத் தேசிய விருது கிடைத்தபோது, சினிமாவுக்குப் புதியவர் என்று சிலர் வியந்தார்கள். நாட்டியக்காரியின் கதைக்கு அவரைவிடப் பொருத்தமானவர் யார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இங்கே நம் ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில், ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன், பிடில் கர்நாடக இசைக்குள் நுழைந்தது. இதே வாத்தியம் மலாய் இசையிலும் 'பியோலா' என்று குடிகொண்டிருக்கிறது. யுனெஸ்கோ 2018-இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த டொண்டாங் சாயாங் என்கிற மலாய்ப் பாட்டிலும் பிடில் உண்டு. பாந்துன் என்கிற மலாய்ச் செய்யுளைப் பாடுகிற குரலின் பக்கத்தில்தான் அதுவும் இருக்கிறது. பினாங்கில் பிறந்த திரைக்கலைஞர் பி. ரம்லியும் பிடில் வாசித்தவர். நம் பிள்ளைகள் வாத்தியத்தைத் தோளில் வைக்கும்போது இந்த இரண்டு கிளையையும் காதில் வாங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நாளைக்கு இவர்களில் ஒருவர் மெட்டுப் போட்டால், அதில் நம் மண்ணின் வாடை இருக்கட்டுமே.

ஆனால் மெட்டுப் போட வேண்டுமென்றால் முதலில் பக்கத்தில் உட்கார வேண்டும். இதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. அரங்கேற்றத்துக்கு இப்போது பல இடங்களில் பென்டிரைவில் பாட்டு ஓடுகிறது. செலவு எனக்குப் புரிகிறது. வெளியூரிலிருந்து குழுவை வரவழைப்பது எளிதில்லை. ஆனால் பதிவுசெய்த பாட்டு ஆடுகிறவருக்காக ஒரு கணம் காத்திருக்காது. பிடில் பிள்ளைக்கும் அங்கே வேலை இல்லை. அவன் வீட்டில் தனியாக வர்ணத்தை மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில், சாதகம் செய்கிறான், தேர்வு எழுதுகிறான், சான்றிதழ் வாங்குகிறான். இன்னொருவர் மூச்சு எங்கே முடிகிறது என்று கவனிக்கிற பழக்கம் அவனுக்கு வருவதே இல்லை. மூன்று காலம் சுத்தமாக வாசிக்கிற பிள்ளை, ஓர் அம்மா திருப்புகழ் பாடும்போது எங்கே சேர்வது என்று தெரியாமல் வில்லைத் தூக்கிக்கொண்டு திகைத்து நிற்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதனால் பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். நவராத்திரி ஒன்பது நாளும் நம் கோயில்களில் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிடில் கற்கும் பிள்ளையை அவர்கள் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வையுங்கள். பாட்டுத் தெரியாவிட்டால் பரவாயில்லை. முதல் நாள் சுருதியைப் பிடித்துக்கொண்டு உட்காரட்டும், மூன்றாம் நாள் பல்லவியை மட்டும் வாசிக்கட்டும். நாட்டியப் பள்ளி நடத்தும் ஆசிரியர்கள், வகுப்பிலாவது ஒரு பிடில் பிள்ளைக்கு இடம் கொடுங்கள். பாடுகிறவர்கள் சிலரிடம் நான் ஏற்கெனவே பேசிவிட்டேன், அவர்களுக்கும் சம்மதம். பெயர் கொடுக்க நினைப்பவர்கள் நிகழ்ச்சி முடிந்ததும் வாசலில் என்னைப் பாருங்கள். எந்தக் கோயில், எந்த நாள் என்று இன்றைக்கே முடிவுசெய்துவிடலாம். நன்றி, வணக்கம்.