எடைக்குப் போடாதீங்க, உள்ள கன்வெர்ட்டர் இருக்கு

வணக்கம்ங்க. நான் கடலூர் முதுநகர்ல வண்டி வயரிங் பட்டறை வச்சிருக்கேன். போன மாசம் ஒரு பழைய இரும்புக் கடையில அலுமினியப் பெட்டி ஒண்ணை தராசுல ஏத்திட்டு இருந்தாங்க, ஆரஞ்சு கலர் கேபிள் வெட்டினபடியே தொங்குது, பாத்ததும் தெரிஞ்சிடுச்சு, டொயோட்டா ப்ரியஸ்ங்கற ஹைபிரிட் காரோட (பெட்ரோல் என்ஜினும் கரண்ட் மோட்டாரும் சேர்ந்து ஓட்டற கார்) இன்வெர்ட்டர், அதாவது பேட்டரி கரண்டை மோட்டாருக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்கற பெட்டி. பழைய பெட்ரோல் வண்டியை பேட்டரி வண்டியா மாத்தறதுக்கு உதவற சாமான், மனசு கேக்கல, பேசி வாங்கிட்டு வந்துட்டேன்.

மூணாவது தலைமுறை ப்ரியஸ்ல பேட்டரி 201.6 வோல்ட்டுதான், ஆனா மோட்டாருக்கு 650 வோல்ட் வரைக்கும் போகும், நடுவுல ஏத்திக் குடுக்கறது பூஸ்ட் கன்வெர்ட்டர். எப்படின்னா, போர்ல தண்ணி வேகமா வர்றப்ப வால்வை பட்டுன்னு மூடினா பைப்பு அதிர்ற மாதிரி ஒரு அடி அடிக்கும்ல, அதேதான், பெரிய காயில்ல கரண்டை ஓடவிட்டு ஐஜிபிடிங்கற எலக்ட்ரானிக் ஸ்விட்ச் அதை செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி விடும், வெட்டறப்பல்லாம் வோல்ட்டேஜ் எகிறும், அதை கெபாசிட்டர் பிடிச்சு வச்சுக்கும். பிரேக் போட்டா அதே வழியா இறங்கி பேட்டரிக்குத் திரும்பும். கூடவே இன்னொரு கன்வெர்ட்டர் இருக்கு, 200 வோல்ட்டை 14 வோல்ட்டா இறக்கி ஹெட்லைட்டு, வைப்பர், ஹாரனுக்கெல்லாம் குடுக்கும். வண்டியை மாத்தறப்ப என்ஜினைக் கழட்டினா, அது சுத்தி கரண்ட் குடுக்கற ஆல்டர்னேட்டரும் போயிடுது, அந்த வேலையை இது பாத்துக்கும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் 64 எடுத்து வரிசையா கோத்தா 204.8 வோல்ட், கிட்டத்தட்ட அளவெடுத்து தச்ச மாதிரி!

ஆனா ஒண்ணு. அந்த பூஸ்ட் வழியா 27 கிலோவாட் அளவுக்குத்தான் எடுக்கலாம், ப்ரியஸ்ல மிச்சத்தை பெட்ரோல் என்ஜின் குடுக்கும். பழைய மாருதி 800 என்ஜின் 37 குதிரைத்திறன், அதுவும் அதே 27 கிலோவாட் தான், அதனால சின்ன வண்டிக்கு தாராளமா போதும், பெரிய வண்டின்னா பூஸ்ட்டை விட்டுட்டு பேட்டரி வோல்ட்டேஜையே கூட்டணும். உள்ள இருக்கற கன்ட்ரோல் போர்டு அந்தக் கார் கம்ப்யூட்டர் பேச்சைத்தான் கேக்கும், அதை எடுத்துட்டு நாமளே செட்டிங் வச்சுக்கற ஓப்பன்இன்வெர்ட்டர் போர்டு மாதிரி ஒண்ணை மாட்டறாங்க.

தம்பிங்களா, இதை மட்டும் கவனமா கேளுங்க. டேபிள்ல வச்சு 200 வோல்ட் குடுத்து டெஸ்ட் பண்ணி சப்ளையை கழட்டியாச்சு, என்கூட வேலை பாக்கற பையன் மூடியில கை வைக்கப் போனான், நான் தடுத்துட்டு மீட்டரை வச்சேன், கெபாசிட்டர்ல இன்னும் 180 வோல்ட் காட்டுது. கிளவுஸ் போட்டுக்கிட்டு 60 வாட் குண்டு பல்பை ரெண்டு முனையிலயும் தொட்டேன், பளிச்சுன்னு எரிஞ்சு அப்படியே மங்கி அணைஞ்சுது. அந்த வெளிச்சம் அவன் கையில பாய்ஞ்சிருக்க வேண்டியதுங்க. வண்டியில இருந்து கழட்டறதா இருந்தா பேட்டரி இணைப்பைத் துண்டிக்கற சர்வீஸ் பிளக்கை உருவிட்டு பத்து நிமிஷம் காத்திருங்க, அப்புறமும் மீட்டர் வைக்காம தொடாதீங்க. பேட்டரியை நேரா கெபாசிட்டர்ல கோக்காதீங்க, ரெசிஸ்டர் வழியா முதல்ல மெதுவா நிரப்பணும், இல்லன்னா ரிலே பாயிண்ட் ஒட்டிக்கும்.

2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல்ல புதுச்சேரிலயும் நம்ம பக்கமும் எத்தனை கார் தண்ணில நின்னுச்சு, அந்த மாதிரி முங்கின வண்டி சாமான் வந்தா கனெக்டர் பின்னைப் பாருங்க, பச்சை பூத்திருந்தா விலை எவ்ளோ கம்மின்னாலும் விட்டுடுங்க.

இப்படி மாத்தின வண்டியை ரோட்டுல ஓட்டணும்னா அப்ரூவல் வாங்கின கிட்டு வேணும், ஆர்சில மாத்தணும், ஏஐஎஸ் 123ன்னு அதுக்கு விதியே இருக்கு. நான் செய்யறது பட்டறைக்குள்ள கத்துக்கறதுக்கு. அடுத்து இந்த இன்வெர்ட்டர் சூட்டைத் தணிக்க சின்ன ரேடியேட்டரும் தண்ணி பம்ப்பும் மாட்டப் போறேன், பாலிடெக்னிக் படிக்கற பசங்க யாரா இருந்தாலும் வந்து கூட நின்னு பாருங்க.