விபத்து விசாரணைப் பயிற்சி: சேரும் முன் கேட்க வேண்டியவை

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

தொழிற்சாலையில் ஒருவருக்கு அடிபட்டால் அறிக்கை எழுதுவார்கள். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். பல அறிக்கைகளில் அந்தக் கட்டத்தில் இரண்டே சொல்தான்: தொழிலாளியின் கவனக்குறைவு. இதை எழுத யாருக்கும் பயிற்சி வேண்டாம். அதைத் தாண்டிப் போகத்தான் பயிற்சி.

தகட்டை அழுத்தி வெட்டும், வளைக்கும் பவர் பிரஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அம்பத்தூரிலும் ஓசூரிலும் கோவையிலும் பட்டறை வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தகட்டை டை என்னும் அச்சில் வைத்துப் பெடலை ஒருமுறை மிதித்தால், மேலிருந்து அடிக்கும் ராம் ஒருமுறை இறங்கி ஏறி நிற்க வேண்டும். சுழலும் சக்கரத்தோடு ராமை ஒரு கீயால் இணைக்கும் கீ கிளட்ச் வைத்த பழைய பிரஸ்களில் சில நேரம் ஒரு மிதிக்கே இரண்டு முறை இறங்கிவிடும். கீயைப் பிடித்து நிறுத்தும் லாட்ச் தேய்ந்திருக்கும், அல்லது அதற்கான ஸ்பிரிங் ஒடிந்திருக்கும். அடித்த துண்டை எடுக்கப் போன விரல் அப்போது டைக்குள் இருக்கும்.

அதற்குப் பிறகு நடப்பதைப் பாருங்கள். அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். ஆர்டர் நிற்கக் கூடாது. ஃபிட்டர் வந்து புது ஸ்பிரிங் மாட்டுகிறார், ஒடிந்தது ஸ்கிராப் தொட்டிக்குப் போகிறது. மறுநாள் விசாரிக்க வருபவர் பிரஸ்ஸை ஓட்டிப் பார்த்தால் அது ஒழுங்காக ஓடுகிறது. அவர் என்ன எழுதுவார்? அதே இரண்டு சொல்.

விரல் நீளம்கூட இல்லாத அந்த ஸ்பிரிங்தான் சாட்சி. ஒடிந்த முகத்தைப் பார்க்க வேண்டும். முழுக்கப் பளபளவென்று இருந்தால் அப்போதுதான் ஒடிந்தது. ஒரு பாதி துருவேறிக் கறுத்திருந்தால், விரிசல் அங்கே வெகுநாளாக இருந்திருக்கிறது, யாரும் கழற்றிப் பார்க்கவில்லை. கேள்வி அங்கிருந்து பராமரிப்பு அட்டவணைக்குப் போகிறது.

ஆகவே பயிற்சி நடத்துபவரிடம் முதலில் கேளுங்கள்: இரண்டு நாள் பயிற்சி என்றால், அதில் எத்தனை மணி நேரம் கையால் செய்ய வைப்பீர்கள்? ஒரு நாளாவது வேண்டும். இடத்தைக் கயிறு கட்டி மறிப்பது, துடைத்துக் கழுவும் முன் படம் எடுப்பது, சுவிட்சுகள் எந்த நிலையில் இருந்தன என்று குறிப்பது, சிசிடிவி பதிவு அழிவதற்குள் எடுத்து வைப்பது, கழற்றிய பாகத்துக்குச் சீட்டுக் கட்டுவது. இவற்றைத் திரையில் பார்த்துப் பழக முடியாது.

அடுத்தது, ஆட்களிடம் பேசுவது. "ஏன் கையை விட்டாய்?" என்று தொடங்கினால் பதில் வராது, பயம்தான் வரும். "ஷிஃப்ட் ஆரம்பிச்சதிலிருந்து சொல்லுங்க" என்று கேட்டு, குறுக்கே பேசாமல் இருக்கப் பழக வேண்டும். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, முடிந்தால் அந்த மெஷின் பக்கத்திலேயே நின்று கேட்க வேண்டும். இந்தியோ ஒடியாவோ பேசும் தொழிலாளி என்றால், அவரைக் கூட்டிவந்த கான்ட்ராக்டரின் ஆளையே மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. வகுப்பில் இந்தப் பேச்சை நடித்துப் பழக்கித் திருத்துகிறார்களா என்று கேளுங்கள்.

அப்புறம்தான் முறைகள். ஒவ்வொரு பதிலுக்கும் 'ஏன்?' என்று திரும்பத் திரும்பக் கேட்கும் 'ஐந்து ஏன்' முறை டொயோட்டாவில் வளர்ந்தது, சிறு பட்டறைக்கும் எளிது. அதை ஒரே கோடாக இழுப்பதுதான் தவறு. ஸ்பிரிங் ஏன் ஒடிந்தது என்பது ஒரு கிளை. கை ஏன் டைக்குள் போக வேண்டியிருந்தது, இடுக்கி ஏன் தரவில்லை, கையைத் தடுக்கும் மறைப்பான கார்டு ஏன் இல்லை என்பது இன்னொரு கிளை. ஒவ்வொரு 'ஏன்'னுக்கும் இரண்டு மூன்று பதில் தேடச் சொல்லும் ஆசிரியர் நல்ல ஆசிரியர். விபத்துக்கு வழிவிடும் கோளாறுகளைக் கிளை கிளையாக வரையும் பிழை மரம் என்ற முறை 1960களில் அமெரிக்க ஏவுகணைத் திட்டத்துக்காக உருவானது. ரசாயன ஆலைக்கு அது வேண்டும், இருபது பேர் வேலை பார்க்கும் பட்டறைக்கு வேண்டாம். படம் போட்டு விளக்க வேண்டிய முறைகளை வானொலியில் விட்டுவிடுகிறேன்.

முக்கியமாக, அந்தப் பயிற்சியில் எழுதிய மாதிரி அறிக்கை ஒன்றை வாங்கிப் பாருங்கள். நேராகக் கடைசிப் பத்திக்குப் போங்கள். 'அறிவுரை வழங்கப்பட்டது' என்பதோடு முடிந்தால் அந்தப் பயிற்சி வேண்டாம். கை உள்ளே போகாதபடி கார்டு, எந்தத் தேதிக்குள், யார் பொறுப்பு என்று இருந்தால் சேரலாம். ஸ்பிரிங்கை மறக்காதீர்கள்: அதை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது என்றும் அதில் இருக்க வேண்டும்.

நேரம் நெருங்குகிறது. கட்டணம், சான்றிதழ் பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன். சுருக்கமாக: சென்னை தரமணியில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் இருக்கிறது, தனியாரிடம் பணம் கட்டும் முன் அங்கே ஒருமுறை விசாரியுங்கள். இன்னொன்று, பயிற்சிக்குப் பாதுகாப்பு அதிகாரியை மட்டும் அனுப்பாதீர்கள். ஃபிட்டரையும் அனுப்புங்கள், ஒடிந்த ஸ்பிரிங்கை முதலில் கையில் எடுப்பவர் அவர்தான். வணக்கம்.