லேப்டாப் திறக்க ஏன் இவ்வளவு நேரம்?

வணக்கம். லேப்டாப்பை ஆன் செய்துவிட்டு, டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று புலம்புபவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். தாமதம் பாஸ்வேர்டு போடுவதற்கு முன்பா, பின்பா? பெரும்பாலும் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நாளைக் காலையில் கவனியுங்கள். எல்லோரும் அணைக்கக் கிளம்புகிறார்களே அந்த ஸ்டார்ட்அப் பட்டியல், அதாவது லேப்டாப் திறந்ததும் தானாகவே ஓடும் ஆப்களின் பட்டியல், அதில் இருப்பவை பாஸ்வேர்டு போட்டு உள்ளே போன பிறகுதான் ஓடத் தொடங்கும். கம்பெனி லோகோவிலேயே நின்றுகொண்டிருக்கிற லேப்டாப்பில் அத்தனையையும் அணைத்தாலும் பலன் இருக்காது. முன்பா, பின்பா, அதைப் பாருங்கள்.

விண்டோஸைத்தான் சொல்கிறேன், வீடுகளில் அதுதான் அதிகம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பக்கத்தில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அதன் சுமை ஹை, மீடியம், லோ என்று இருக்கும். ஹை என்றதும் பதற வேண்டாம். தொடங்கும்போது ப்ராசஸரை 1 நொடிக்கு மேல் பிடித்துக்கொண்டாலோ டிஸ்க்கில் 3 எம்பிக்கு மேல் படித்து எழுதினாலோ ஹைதான். 3 எம்பி இன்றைக்கு ஒரு செல்போன் போட்டோ.

சரி, எதை அணைப்பது? எனக்குத் தெரிந்த ஒரு ஜெராக்ஸ் கடையில், அக்காவின் லேப்டாப் மெதுவாக இருக்கிறது என்று சொந்தக்காரப் பையன் ஒருவன் வந்து பட்டியலில் இருந்த எல்லாவற்றையும் ஒரே மூச்சில் டிஸேபிள் செய்துவிட்டுப் போய்விட்டான். மறுநாள் காலை வேகமாகத்தான் திறந்தது. ஆனால் மனு அடிக்க வந்தவர் முன்னால் உட்கார்ந்திருக்க, எந்த விசையைத் தட்டினாலும் ஆங்கிலம்! தமிழ்த் தட்டச்சு மென்பொருளும் அந்தப் பட்டியலில்தான் இருந்திருக்கிறது. அப்புறம் பார்த்தால் ஸ்கேனர் பட்டனும் வேலை செய்யவில்லை. அக்கா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, பழைய மாதிரி மெதுவாவே ஆக்கிக் குடுத்துடுங்க" என்றார். நல்லவேளை, டிஸேபிள் செய்தால் எதுவும் அழிந்துபோவதில்லை, எனேபிள் என்று மாற்றினால் திரும்பி வந்துவிடும். இசை, கேம், வீடியோ மீட்டிங் ஆப்கள், தேவைப்படும்போது நாமே திறந்துகொள்கிறவை, இவற்றைத் தாராளமாக அணைக்கலாம். டச்பேட், ஒலி, ஆன்டிவைரஸ், தட்டச்சு, இவற்றில் கை வைக்க வேண்டாம். பெயர் புரியாத ஒன்றைத் தேடிப் பார்க்காமல் தொடாதீர்கள். ஒரு நாளைக்கு ஒன்று அணையுங்கள், அப்போதுதான் எதனால் என்ன நின்றது என்று தெரியும்.

இப்போது, நான் எங்கே போனாலும் பேசுகிற விஷயம். "தினமும் ஷட் டவுன் செய்கிறேன் சார், அப்படியும் இப்படி இருக்கிறது" என்பார்கள். விண்டோஸ் 8 வந்த 2012இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. அது ஆனில் இருந்தால் ஷட் டவுன் கொடுக்கும்போது நீங்கள் திறந்து வைத்தவை மூடப்படும், விண்டோஸின் உள்பகுதி மட்டும் அப்படியே டிஸ்க்கில் எழுதி வைக்கப்பட்டு மறுநாள் எடுத்து வைக்கப்படும். ஆக, உள்ளே ஏதாவது டிரைவர், அதாவது பிரின்டர், ஒலி போன்றவற்றை இயக்கும் மென்பொருள், சிக்கிக்கொண்டிருந்தால் அந்தச் சிக்கலும் பத்திரமாகக் கூடவே வரும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் அப் டைம் என்று ஒரு கடிகாரம் ஓடும். நேற்று இரவுதான் அணைத்தீர்கள், அது பல நாள் காட்டும். முழுதாகப் புதிதாய்த் தொடங்க வைப்பது ரீஸ்டார்ட்தான். மறுபடி சொல்கிறேன், ஷட் டவுன் அல்ல, ரீஸ்டார்ட். எதையும் அணைப்பதற்கு முன் அதை ஒருமுறை செய்து பாருங்கள், பாதிப் பேருக்கு அதற்கு மேல் என்னைத் தேட வேண்டியிருக்காது.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். கடைசியாக ஒன்று, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லேப்டாப் திறந்து வெகுநேரம் ஆகியும் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்று, ப்ராசஸர் சும்மா இருந்தால், உள்ளே இருப்பது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இருக்கலாம். அப்படியானால் அதற்குப் பதிலாக எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க், மாற்றுங்கள், அணைத்து அணைத்துப் பார்ப்பதைவிட அதுதான் பெரிய வித்தியாசம் தரும். மாற்றக் கொடுக்கும் முன் போட்டோக்களை வேறு இடத்தில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.