போர்வையை உதைத்த பிள்ளை

நண்பர்களுக்கு வணக்கம். சீனத்துப் பழங்கவிதை என்றதும் நிலா, மலை, மதுக்கிண்ணம் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அதற்கு லி பாய் என்ற கவிஞர் இருக்கிறார், இன்னொரு நாள் பார்க்கலாம். இன்று து ஃபூ. தாங் அரச காலத்தவர். பிறந்தது 712, இறந்தது 770. சுமார் 1,400 கவிதைகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அதில் ஒன்று, ஒழுகுகிற வீட்டைப் பற்றியது.

செங்து நகரத்தில் அவருக்கு ஒரு புல் வேய்ந்த குடில். 761 வாக்கில் ஒரு நாள் காற்று கூரையைப் பிய்த்துப் போடுகிறது. கிழவன்தானே என்ற இளக்காரத்தில் ஊர்ப் பையன்கள் கண்ணெதிரிலேயே புல்லை வாரிக்கொண்டு மூங்கில் புதருக்குள் ஓடிவிடுகிறார்கள். கத்திக் கத்தி வாய் உலர்ந்து, தடியை ஊன்றித் திரும்புகிறார் கவிஞர். (கிழவனுக்கு வயது ஐம்பதுதான்!) ராத்திரி மழை. தலைமாட்டில் ஒழுக்கு. பழைய போர்வை இரும்பாகச் சில்லிட்டிருக்கிறது. அதையும் பிள்ளை தூக்கத்தில் உதைத்துக் கிழித்து வைத்திருக்கிறான்.

உலகத்து ஏழைப் படிப்பாளிகள் எல்லாரும் ஒதுங்க ஒரு பெரிய மாளிகை கிடைக்காதா என்று கவிதை முடிகிறது. பாராட்டுகிறவர்கள் அந்த மாளிகையைத்தான் பாராட்டுவார்கள். எனக்கு அந்த உதை போதும். போன மழைக்கு, எங்கள் வீட்டில் சொட்டுகிற இடத்தில் வாளியை வைத்துவிட்டு வந்து படுத்தேன். பேரன் விட்டான் ஒன்று, விலாவில். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு மேல் பழைய உதை!

சரி, இன்னொன்று. 755-இல் ஆன் லுஷான் என்ற தளபதி தாங் அரசை எதிர்த்துக் கிளப்பிய கலகம் வெடிக்கிறது. குடும்பத்தை வடக்கே விட்டுவந்த து ஃபூ கலகக்காரர்களிடம் சிக்கி, தப்பி, 757-இல் சியாங் என்ற கிராமத்துக்கு வந்து சேருகிறார். ஆள் உயிரோடு இருக்கிறாரே என்று வீட்டில் திகைத்து நிற்கிறார்கள்; அப்புறம்தான் கண்ணைத் துடைக்கிறார்கள். சுவர் மேல் முழுக்க அக்கம்பக்கத்து முகங்கள். எட்டிப் பார்த்து விசும்புகின்றன. நம் தெருவில் ஓர் ஆட்டோ வந்து நின்றால் எத்தனை தலை நீளும்! நாம் அதை வம்பு என்போம். அவர் அப்படி எழுதவில்லை.

இந்த வரிசையில் மூன்று கவிதைகள். மூன்றாவதில் ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர் கையில் மதுவோடு நலம் விசாரிக்க வருகிறார்கள். ருசி கொஞ்சம் மட்டம்தான், தப்பாக நினைக்காதீர்கள் என்கிறார்கள். மதுவுக்கான தினையை விதைக்க ஆளில்லை. பையன்கள் எல்லாரும் கிழக்கே போருக்குப் போயிருக்கிறார்கள்.