சட்னியில் புழு வீடியோ வைரல் ஆனால் முதல் அரை மணி நேரத்தில் என்ன பேச வேண்டும்?

வணக்கம் நண்பர்களே! சேலம் அம்மாபேட்டையில் ஒரு தட்டு வடை செட்டுக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம், நல்ல கூட்டம். ஒருவர் செல்போனை நீட்டி, "சட்னியில் புழு" என்று பதினைந்து நொடி வீடியோ எடுத்துப் போடுகிறார். கடைக்காரர் பீட்ரூட் துருவலை வைத்து அடுத்த செட்டை நீட்டுவதற்குள், வீடியோ ஆத்தூர் வாட்ஸ்அப் குரூப் வரை போய்விட்டது. இப்போது அவர் என்ன சொல்ல வேண்டும்?

இதைச் சொல்லிக்கொடுப்பதே சிலருக்கு முழுநேரத் தொழில். கிரைசிஸ் பி.ஆர். என்பார்கள், அதாவது நெருக்கடி நேரத்து மக்கள் தொடர்பு. அறிக்கை எழுதுவது, நிருபர்களின் போனை எடுப்பது, முதலாளியை கேமரா முன்னால் பேசத் தயார் செய்வது எல்லாம் இதில் அடக்கம்.

[திரையில்: பழைய ரயில் பாலம்]

இனி வருவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, தள்ளிவிடாமல் பாருங்கள். 1906 அக்டோபர் 28, அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி. ஒரு மின்சார ரயில் பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்து 53 பேர் இறந்தார்கள். அந்தக் காலத்து ரயில் கம்பெனிகள் விபத்து நடந்தால் நிருபர்களைப் பக்கத்திலேயே விட மாட்டார்கள். கம்பெனிக்கு ஆலோசகராக இருந்த ஐவி லீ நேர்மாறாகச் செய்தார். நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கே வரவழைத்தார், தெரிந்ததை எழுதிக் கையில் கொடுத்தார். நியூயார்க் டைம்ஸ் அதை வரி மாறாமல் அச்சடித்தது! உலகின் முதல் பிரஸ் ரிலீஸ் என்று பலரும் சொல்வது அதைத்தான். அவரே முன்னாள் நிருபர். செய்தி கிடைக்காத நிருபர் வதந்தியைத் தேடிப் போவார் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஆனால் அதே ஐவி லீ, 1914இல் கொலராடோவின் லட்லோவில் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் கொல்லப்பட்ட பிறகு, அந்தச் சுரங்கக் கம்பெனியின் முதலாளிகளான ராக்ஃபெல்லர் குடும்பத்துக்கு வேலை பார்த்தார். அவர் அனுப்பிய அறிக்கைகள் தொழிற்சங்கத் தலைவர்களின் சம்பளத்தைப் பல மடங்கு கூட்டிக் காட்டின. பொய் வெளியே வந்தது. 'பாய்சன் ஐவி' (தொட்டால் அரிக்கும் ஒரு நச்சுக்கொடியின் பெயர்) என்ற பட்டப்பெயர் அவருக்குக் கடைசி வரை போகவில்லை. இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிற ஒவ்வொருவரும் இந்த இரண்டு கதையையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒரே ஆள், ஒரே திறமை. எட்டே வருடத்தில் எங்கே போய் நின்றார் பாருங்கள்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். சேலம் ஜவ்வரிசி. 1981இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம், 2023இல் கிடைத்த புவிசார் குறியீடு என்று ஊரே சேர்ந்து சம்பாதித்த பெயர் அது. ஒரு ஆலையில் மக்காச்சோள மாவைக் கலந்து பிடிபட்டால், "சேலம் ஜவ்வரிசியில் கலப்படம்" என்றுதான் செய்தி வரும். மரவள்ளிக் கிழங்கை மட்டுமே அரைக்கிற பக்கத்து ஆலைக்காரரும் சேர்ந்து அடிபடுவார்.

அந்தப் பக்கத்து ஆலைக்காரர் உங்களைக் கூப்பிட்டால் வேலை நேர்மையானது. கேட்டைத் திறந்து விடுங்கள். கிழங்கு தோல் உரிப்பதிலிருந்து பால் தெளிய வைத்து, குருணையாக்கிக் காய வைப்பது வரை கேமராவில் காட்டுங்கள், லேப் ரிப்போர்ட்டை வெளியிடுங்கள். கலந்தவரே கூப்பிட்டால்? "சரக்கைத் திரும்ப எடுங்கள், அப்புறம் அறிக்கை எழுதுகிறேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லத் தெரிய வேண்டும். என்னைக் கேட்டால், சம்பளம் தருகிறவரிடம் இதைச் சொல்வதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமானது.

படிப்பு? சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலேயே இதழியல் துறை இருக்கிறது. கொஞ்ச காலம் நிருபராக ஓடிவிட்டு வந்தால் கை நன்றாகப் பழகியிருக்கும். நடுராத்திரியில் போன் வரும், வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இப்போது அந்தத் தட்டு வடைக் கடை. நான் எழுதிக் கொடுப்பது இதுதான்: "வீடியோவைப் பார்த்தோம். விற்பனையை நிறுத்திவிட்டோம். அந்தச் சட்னியைக் கொட்டாமல் எடுத்து வைத்திருக்கிறோம், உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் வந்து பார்க்கலாம். நாளை மாலை ஆறு மணிக்கு மறுபடி பேசுகிறோம்." நீங்களாக இருந்தால் என்ன எழுதுவீர்கள்? கமெண்டில் போடுங்கள், ஒவ்வொன்றையும் படிக்கிறேன்.