ஐந்தடிக்கு நாலடி இடம்

(கட்டடக்கலை மாணவர் மன்றத் தொடக்க விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இந்த மன்றத்துக்குத் தம் சொந்தச் செலவில் நூலகம் அமைத்துக் கொடுத்திருக்கும் பெரியவர் அவர்களே, வேலை நெருக்கடிக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தலைமைப் பொறியாளர் அவர்களே, கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். தலைமைப் பொறியாளர் வந்திருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. நான் பேசப்போவதில் பாதி அவர் காதில் விழ வேண்டியது.

கட்டடக்கலைஞர் பாலகிருஷ்ண தோஷியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். தொழில், ஆய்வு, கற்பித்தல் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

1927இல் புனேயில், மரச்சாமான் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர் தோஷி. 1951இல் பாரிஸில் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் லெ கார்பூசியேயிடம் சேர்ந்தபோது அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. முதல் எட்டு மாதம் சம்பளமும் கிடையாது. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள். அவருக்கான சுவர் எழும்பியது அங்கேதான். அப்புறம் அகமதாபாத் திரும்பினார், சொந்த அலுவலகம் தொடங்கினார். 1962இல் கட்டடக்கலைப் பள்ளியைத் தொடங்கினார், 1978இல் ஆய்வுக்கென்றே வாஸ்து சில்பா அறக்கட்டளையை நிறுவினார். அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழக (ஐ.ஐ.எம்.) வளாகத்தைக் கட்டும் வாய்ப்பு தன்னைத் தேடி வந்தபோது, அதை அமெரிக்கக் கட்டடக்கலைஞர் லூயி கானுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு உடனிருந்து உழைத்தார். முப்பத்தைந்து வயதில் எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்?

அவர் பாடம் நடத்திய விதத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. நேரம் கருதி ஆய்வுக்கு வருகிறேன்.

1980களின் தொடக்கத்தில் அறக்கட்டளையினர், கனடாவின் மக்கில் பல்கலைக்கழகக் குழுவோடு சேர்ந்து இந்தூரின் குடிசைப் பகுதிகளை அளந்தார்கள். வீட்டு வாசல் தெருவுக்குள் எவ்வளவு நீள்கிறது, மரத்தடியில் என்ன வேலை நடக்கிறது, பெட்டிக்கடை எங்கே முளைக்கிறது என்றெல்லாம் பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். அந்தப் படிப்பினையிலிருந்து பிறந்ததுதான் இந்தூரின் அரண்யா குடியிருப்புத் திட்டம். ஏறத்தாழ 6500 மனைகள். ஏழைக் குடும்பத்துக்குக் கிடைத்தது மனை, அடித்தளம், கழிவறை, தண்ணீர்க் குழாய். மாதிரிக்கு 80 வீடுகளைக் கட்டிக் காட்டினார் தோஷி. மற்றதை மக்கள் கையில் காசு சேரச் சேரக் கட்டிக்கொண்டார்கள். சுவரை வைத்துத்தான் சித்திரம். அரசு சுவரைக் கொடுத்தது, சித்திரத்தை அந்தந்தக் குடும்பம் எழுதிக்கொண்டது. 2018இல் அவருக்குக் கட்டடக்கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் கிடைத்தபோது எல்லாரும் கொண்டாடினோம், சரி. அரண்யாவிலிருந்து நாம் என்ன எடுத்துக்கொண்டோம்?

சென்ற ஆண்டு என் மாணவிகள் இருவரோடு, சென்னைக்கு வெளியே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போயிருந்தேன். ஆற்றங்கரையிலிருந்து அப்புறப்படுத்தியவர்களை அங்கே குடிவைத்திருக்கிறார்கள். லிஃப்ட் ஓடவில்லை. ஆறாவது மாடி ஏறி மூச்சு வாங்க நின்றால், ஓர் அம்மா சொம்பில் தண்ணீர் நீட்டுகிறார். அறுபது வயதிருக்கும். ஆற்றங்கரையில் இருந்தபோது வாசலிலேயே இட்லிக் கடை. நாலு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தால் எட்டு மணிக்குள் விற்றுத் தீர்ந்துவிடுமாம். அந்தக் கடையை வைத்து இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்திருக்கிறார். இப்போது அந்த இட்லிக் கொப்பரை பரணில் இருக்கிறது. இறக்கிக் காட்டினார். உள்ளே ரேஷன் கார்டும் பேரனின் பழைய நோட்டுகளும்.

"யாரு சார் ஆறு மாடி ஏறி வந்து இட்லி வாங்குவாங்க?" என்றார். கீழே படிக்கட்டு ஓரம் அடுப்பு வைத்துப் பார்த்தாராம். புகை வருகிறது என்று எடுக்கச் சொல்லிவிட்டார்கள். பழைய கடை எப்படி இருந்தது என்று என் மாணவி கேட்டதும், உற்சாகமாகத் தரையில் கையை வைத்துக் காட்ட ஆரம்பித்துவிட்டார். இங்கே அடுப்பு, இங்கே குடம், இங்கே இலைக்கட்டு, பெஞ்சு தெருவில். மாணவி டேப்பைப் பிடித்து அளந்தாள். ஐந்தடிக்கு நாலடி! அந்தக் குடியிருப்பின் வரைபடத்தில் இந்த இருபது சதுர அடி எங்கேயும் இல்லை. வரைந்தவர் கெட்டவர் இல்லை. வரையும் முன் போய்ப் பார்க்க யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

மனையைக் கொடுத்து, வீட்டை மக்களே கட்டிக்கொள்ள விடுவது நமக்குத் தெரியாத வழியா? 1970களின் கடைசியில் உலக வங்கிக் கடனோடு சென்னையின் அரும்பாக்கத்திலும் வில்லிவாக்கத்திலும் கொடுங்கையூரிலும் இப்படித்தான் மனை கொடுத்தோம். அதைத் தொடராமல் விட்டதுதான் என் ஆற்றாமை. இடம் இல்லை என்பார்கள். ஊருக்கு வெளியே கோபுரம் எழுப்ப இடம் கிடைக்கிறதே!

தலைமைப் பொறியாளர் அவர்களிடம் என் வேண்டுகோள் இது. அடுத்த மறுகுடியமர்வுத் திட்டத்தில் கால்பங்கையாவது மனையும் கழிவறையும் குழாயுமாகக் கொடுங்கள். மாடிதான் வேண்டும் என்றால் தரைத்தளத்தைக் கடைகளுக்கு விடுங்கள். முதல்வர் அம்மையாரிடமும் ஒன்று. மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஒரு பருவம் முழுக்க ஒரு குடிசைப் பகுதியை அளக்கட்டும், அந்த வரைபடங்கள் தலைமைப் பொறியாளரின் துறைக்குப் போகட்டும்.

இதையெல்லாம் எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவர்கள் எந்த ஆண்டு மாணவர் என்பதையும் எழுதுங்கள். வாய்ப்பளித்த மன்றத்தாருக்கு நன்றி, வணக்கம்.